சைக்கிளில் கேமரா கொண்டுபோவது: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலை ஜார்ஜ் டவுன் பக்கம் சைக்கிள் ஓட்டிவிட்டுப் பசியாற உட்கார்ந்தால், பேச்சு கொஞ்ச நேரத்தில் கேமராவுக்கு வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. எளியவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

அண்ணே, கேமராவ எங்கதான் வைக்கிறது? முதுகுலயா, கூடையிலயா, கழுத்துலயா?

உடம்பில் வையுங்கள், சைக்கிளில் வைக்காதீர்கள். சக்கரம் ஒரு சாக்கடை மூடியில் ஏறி இறங்கினால் அந்த அடி கேரியருக்கும் கூடைக்கும் நேராகப் போகிறது. உங்கள் முதுகுக்கு வருவதற்குள் முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாம் அதில் பாதியை வாங்கிக்கொள்கின்றன. ஆடும் சாமானுக்கு ஆளைவிட நல்ல ஸ்பிரிங் கிடையாது.

எனக்குப் பிடித்தது தோளிலிருந்து குறுக்காக வரும் சின்ன ஸ்லிங் பை. ஓட்டும்போது முதுகின் கீழ்ப்பக்கம் கிடக்கும், நிறுத்தியதும் முன்னால் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் இடுப்பைச் சுற்றிக் கட்ட இன்னொரு வார் கட்டாயம் வேண்டும். அது இல்லாத பை, நீங்கள் குனிந்து மிதிக்கும்போது சரிந்து வந்து முழங்காலில் இடிக்கும்.

பை வாங்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். சீட்டை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றியபடி, கேமராவை வெளியே எடுக்க முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். இறங்கி, பையைக் கழற்றி, இரண்டு ஜிப்பைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றால் முதல் இரண்டு இடத்தில் எடுப்பீர்கள், அப்புறம் வீடு வரும்வரை கேமரா உள்ளேயேதான் இருக்கும். கொண்டுபோவது யாருக்கும் பெரிய பிரச்சினை இல்லை. வெளியே எடுப்பதுதான் பிரச்சினை.

கேமராவோட வந்த வாரையே கழுத்துல மாட்டிக்கிட்டா போதாதா?

நடப்பதற்குப் போதும். சைக்கிளில் குனிந்தால் கேமரா ஊசலாடும், ஹேண்டில்பாரில் இடிக்கும். வார் நீளமாக இருந்தால் அதன் முனை முன்சக்கரக் கம்பிக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. அப்படிப் போனால் கேமராவும் நீங்களும் சேர்ந்தே தரைக்குப் போவீர்கள்.

கழுத்து வார்தான் வேண்டுமென்றால் ஒரு கையை உள்ளே விட்டுக் குறுக்காக மாட்டி, கேமரா முதுகுப் பக்கம் இருக்கும்படி இறுக்கிவிடுங்கள். தொங்கும் முனைகளை ரப்பர் வளையம் போட்டு அடக்குங்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும் தூரத்துக்கு இது சரி.

வாடகை சைக்கிள்ல முன்னாடி கூடை இருக்கே, அதுல போட்டா என்ன?

குலுக்கல் விஷயம் மேலே சொன்னதுதான். கூடையில் வேறு இரண்டு சிக்கல்களும் இருக்கின்றன. ஸ்டாண்டு போட்டு நிறுத்தும்போது முன்பக்கம் கனமாக இருந்தால் ஹேண்டில் தானாகத் திரும்பி சைக்கிள் சாயும். இன்னொன்று, திறந்த கூடையில் இருக்கும் பையை யார் வேண்டுமானாலும் போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போகலாம்.

வேறு வழியே இல்லை என்றால் கூடையின் அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டு, பையின் வாரைக் கூடைக் கம்பியில் சுற்றி மாட்டி, மேலே கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் இறுக்குங்கள். பின் கேரியர் இன்னும் மோசம். பின்சக்கரத்தின் அடி முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. கேரியரில் தண்ணீர் போத்தல், மழைக்கோட்டு, தப்பாவ் வாங்கிய (பொட்டலம் கட்டிய) நாசி லெமாக் சோறு எல்லாம் போகட்டும். கேமரா வேண்டாம்.

முதுகுப்பை போட்டா வேர்வையில நனைஞ்சிருது. ஒண்ணும் ஆகாதா?

ஆகும். பையோடு வரும் மழை உறை வெளிப்பக்கத்தை மட்டுமே மூடும். முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கம் திறந்தே கிடக்கிறது, நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் அந்தப் பஞ்சு ஊறிவிடும். கேமராவை முதலில் மேல்வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் வைத்து, அதைத் தூக்கி முதுகுப்பைக்குள் வையுங்கள். ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பையும் அவசரத்துக்கு உதவும்.

முதுகுப்பைக்காரர்களுக்கு இன்னொன்று. முக்காலியையோ நீளமான லென்ஸையோ முதுகெலும்புக்கு நேராக நிறுத்தி வைக்காதீர்கள். மல்லாக்க விழுந்தால் அது எங்கே குத்தும் என்று நினைத்துப் பாருங்கள். கடினமான சாமான்கள் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகை ஒட்டி மழைக்கோட்டு போன்ற மெத்தென்ற பொருள் வரட்டும்.

என்கிட்ட பெரிய டிஎஸ்எல்ஆர், 70-200 லென்ஸ் எல்லாம் இருக்கு. எடுத்துட்டு வரவா?

வேண்டாம். தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ், எஃப் 2.8 துளை அளவுள்ளது என்றால், அது மட்டுமே ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். பறவை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. தெருவுக்கும் கடலோரத்துக்கும் 28 அல்லது 35 மில்லிமீட்டருக்குச் சமமான, அகலமான காட்சி தரும் ஒரு லென்ஸ் போதும். ஒரே லென்ஸோடு வந்தால் சாலை ஓரத் தூசியில் லென்ஸ் மாற்றுகிற வேலையும் இல்லை.

புதிதாக வாங்கப் போகிறவர் சின்னதாகப் பாருங்கள். ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு சேர்த்து 257 கிராம், சட்டைப் பையில் போகும். ஆனால் அது மழை தாங்காது. மழையும் சேறும் பெரிய கவலை என்றால் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் தாங்குகிற கேமரா இருக்கிறது. இருட்டில் அதன் படம் சுமார்தான், ஆனால் பயமில்லாமல் எங்கேயும் எடுக்கலாம். பெரிய கேமராதான் கையில் இருக்கிறது என்றால் அதிலேயே ஒரு சின்ன ஒற்றைக் குவியத்தூர (ஜூம் இல்லாத) லென்ஸை மாட்டிக்கொண்டு வாருங்கள். பாதிப் பாரம் குறைந்துவிடும்.

போனை ஹேண்டில்ல மாட்டி வழி பார்க்குறேன். அதோட கேமரா கெட்டுப்போகும்னு சொல்றாங்களே, உண்மையா?

இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு, ஐபோன் கேமராவில் இருக்கும் அசைவு தடுக்கும் அமைப்பையும் ஃபோக்கஸ் அமைப்பையும் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரில் தானே எச்சரித்தது. சைக்கிளில் என்ஜின் இல்லை, அந்த அளவு அதிர்வும் இல்லை. ஆனாலும் லென்ஸைத் தாங்கும் அந்தச் சின்னப் பாகம் காந்தத்திலும் ஸ்பிரிங்கிலும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. தினமும் மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவர் அதிர்வு குறைக்கும் ரப்பர் வைத்த பிடியை வாங்குவது நல்லது. படம் எடுக்க ஒரு போன், வழி பார்க்கப் பழைய போன் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கேமராவை ஆட்டினா உள்ள கடகடன்னு சத்தம் வருது. சைக்கிள்ல கொண்டுபோனதாலயா?

பெரும்பாலும் இல்லை. அசைவு தடுக்கும் வசதி சென்சாரிலேயே (படத்தைப் பதிவு செய்யும் பாகத்திலேயே) இருக்கும் பல கேமராக்களில், அணைத்ததும் சென்சார் தளர்ந்து நிற்கும். அந்தச் சத்தம்தான் அது. கேமராவை ஆன் செய்துவிட்டு ஆட்டுங்கள், சத்தம் நின்றால் கவலை இல்லை. ஆன் செய்த பிறகும் சத்தம் இருந்தாலோ, லென்ஸைத் தொட்டால் ஆட்டம் இருந்தாலோ கடையில் காட்டுங்கள். முக்காலித் தட்டின் திருகு குலுங்கிக் குலுங்கித் தளரும், அதை மட்டும் வாரம் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

மழை வந்தா?

வரும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கொஞ்சம் நம்பலாம். செப்டம்பர், அக்டோபரில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், மழை உண்டு என்றே வைத்துக் கிளம்புங்கள். மேலே சொன்ன நீர்புகாப் பை எப்போதும் உள்ளே மடித்து இருக்கட்டும். ஜார்ஜ் டவுனில் ஓடி ஒதுங்கக் கடைகளின் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை இருக்கிறது, பாலேக் பூலாவ் வயல் சாலையில் ஒதுங்க ஒன்றுமே இல்லை.

சக்கரத்துக்கு மட்கார்டு போடுங்கள். மழை நின்ற பிறகும் பின்சக்கரம் ரோட்டுத் தண்ணீரை உங்கள் முதுகில் கோடு போட்டு அடிக்கும், அங்கேதான் உங்கள் பை இருக்கிறது. இன்னொரு விஷயம், 'மழை தாங்கும்' என்று விற்கும் கேமரா உடலில் சாதாரண லென்ஸை மாட்டினால் இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். உடல், லென்ஸ் இரண்டுமே அப்படிப்பட்டவையாக இருக்க வேண்டும்.

காலையில வெளிய எடுத்தவுடனே லென்ஸ் வெள்ளையா ஆயிருது. துடைச்சாலும் திரும்ப வருது!

இது மலேசியாவில் எல்லோருக்கும் நடப்பது. நீங்கள் ஏர்கான் அறையில் தூங்குகிறீர்கள், கேமராவும் பக்கத்திலேயே தூங்குகிறது. வெளியே 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் நீர் படியும். ஏர்கான் அறையில் கிடந்த கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சி.

முந்தின இரவே கேமராவைப் பையோடு வரவேற்பறையில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. மறந்துவிட்டீர்களா? பையைத் திறக்காமல் அரைமணி நேரம் ஓட்டுங்கள், அது தானாகச் சூடேறும். துடைக்காதீர்கள், லென்ஸைக் கழற்றவும் கழற்றாதீர்கள். கழற்றினால் அந்த ஈரம் சென்சாருக்கும் போகும்.

பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. ஆறரைக்குக் கிளம்புகிறவருக்கு அந்த அரைமணி எப்படியும் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை எப்படி வைக்கிறது? பையிலயே இருக்கட்டுமா?

பையில் மட்டும் வேண்டாம். வேர்வை ஊறிய பைக்குள், இருட்டில், காற்றில்லாமல் வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டால் பிரித்துத் துடைக்கும் செலவில் சில நேரம் இன்னொரு லென்ஸே வாங்கிவிடலாம். பையை வெயிலில் காயப் போடுங்கள், கேமராவை டிரை பாக்ஸில் (ஈரம் புகாத பெட்டியில்) வையுங்கள். மின்சார டிரை பாக்ஸ் இல்லாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி மூன்றையும் வாங்கிக்கொண்டால் போதும். முள் 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் நின்றால் சரி. நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொல்லும் சித்தப்பாக்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அரிசித் தவிடு லென்ஸ் வளையத்துக்குள் போய் உட்காரும்.

கர்னி டிரைவ், கர்பால் சிங் டிரைவ் மாதிரி கடலோரம் ஓட்டிய நாளில், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமரா உடலை ஒரு தடவை துடைத்துவிடுங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படிந்திருக்கும்.

மோட்டார்ல வந்து பறிச்சிட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். நாம் சாலையின் இடது ஓரம் ஓட்டுகிறோம், ராகூட் (வழிப்பறி) செய்கிறவன் வலது பக்கமாகத்தான் வருவான். அதனால் பையோ கேமராவோ உடம்பின் இடப்பக்கம், சாக்கடைப் பக்கம் இருக்கட்டும். கேமரா பை என்று எழுதி ஒட்டியது போல பிராண்டு பெயர் பெரிதாகத் தெரியும் பை வேண்டாம். படம் எடுக்க நிற்கும்போது சாலையில் நிற்காமல் சுவர்ப் பக்கம் ஏறி, சாலையைப் பார்த்தபடி நில்லுங்கள்.

பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள். குறுக்கே மாட்டிய வார் உங்களையும் சேர்த்து இழுக்கும். சட்டென்று விடுபடுகிற கொக்கி வைத்த வார் இதற்காகவே நல்லது. கேமராவின் தொடர் எண்ணை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், போலீஸ் புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

குறுக்கு வார் போட்டா எங்களுக்கு வசதியா இல்ல, நெஞ்சுல அறுக்குது. வேற வழி இல்லையா அண்ணே?

இதைக் கேட்கும் பெண்கள் நிறையப் பேர். பை செய்கிறவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. இடுப்புப்பைதான் விடை. கேமரா சின்னதாக இருந்தால் இடுப்பில் பின்பக்கம் அழகாக உட்காரும், நிறுத்தியதும் முன்னால் திருப்பிக்கொள்ளலாம், முதுகும் வேர்க்காது. கொஞ்சம் பெரிய கேமரா என்றால் முதுகுப்பையின் தோள்வாரில் கேமராவைப் பூட்டும் கிளிப் கிடைக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் அது ஆடும், நல்ல ரோட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். துப்பட்டாவை, வாரோ பையோ மாட்டுவதற்கு முன்பே முடிந்து உள்ளே செருகிவிடுங்கள்.

ஓட்டிக்கிட்டே ஒரு கையால எடுக்கலாம்ல? யூடியூப்ல எல்லாரும் பண்றாங்களே.

ஒரு கையை எடுத்தால் ஒரு பிரேக்கும் போய்விடுகிறது. லெபோ சூலியா தெருவில் முன்னால் போகும் பெக்கா (மூன்று சக்கர ரிக்சா) நின்றுவிட்டால் மீதி இருக்கும் ஒரு பிரேக்கை வைத்து என்ன செய்வீர்கள்? அது முன்பிரேக்காக இருந்தால் ஹேண்டிலைத் தாண்டித்தான் போவீர்கள். ஓடும் காட்சி வேண்டுமென்றால் நெஞ்சிலோ ஹெல்மெட்டிலோ ஆக்‌ஷன் கேமராவை மாட்டி, கிளம்பும் முன்னே பதிவைத் தொடங்கிவிட்டு, அதை மறந்துவிட்டு ஓட்டுங்கள்.

நண்பர்கள் ஓட்டுவதைப் படம் பிடிக்க ஆசையா? முன்னால் போய் ஒரு வளைவில் காத்திருங்கள். ஆளை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக. பின்னணி கோடாக ஓடி ஆள் மட்டும் தெளிவாகத் தெரிய 1/30-லிருந்து 1/60 வரை வைத்து, கேமராவை அவரோடு சேர்த்துத் திருப்பியபடி எடுங்கள். பத்தில் ஒன்று நன்றாக வந்தால் சந்தோஷப்படுங்கள்.

முதல் தடவை எங்க போறது? பட்டர்வொர்த்ல இருந்து வர்றவங்க பாலத்துல வரலாமா?

பட்டர்வொர்த் எதிர்க்கரையில் இருக்கிறது, அங்கிருந்து தீவுக்கு வரும் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஃபெரியில் வாருங்கள். 2021-லிருந்து அதில் கார் ஏற்றுவதில்லை, ஆனால் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறும். சைக்கிளை விட்டுவிட்டு மேலே காற்று வாங்கப் போனால் கேமராவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கரையை நெருங்கும்போது தெரியும் ஜார்ஜ் டவுன், கொம்தார் கோபுரம் எல்லாம் அன்றைய நாளின் முதல் படமாக இருக்கட்டும்.

இறங்கியதும் பக்கத்திலேயே சியூ ஜெட்டி, கடல்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள். பலகைப் பாதை குறுகல், வீடுகளில் ஆட்கள் வாழ்கிறார்கள், அதனால் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடந்து போங்கள். லெபோ ஆர்மேனியனில் எர்னஸ்ட் சாக்கரெவிக் 2012-இல் வரைந்த, நிஜ சைக்கிள் பொருத்திய சுவரோவியத்தை எட்டு மணிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள், அப்புறம் வரிசைதான். என்னைக் கேட்டால் லெபோ பாசாரில் பூக்கடையும் பலசரக்குக் கடையும் திறக்கிற நேரம் அதைவிட நல்ல படம் தரும். தீவைச் சுற்றும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெலுக் பகாங் தாண்டியதும் வரும் ஏற்றத்தில் முதுகில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் தெரியும்.

தைப்பூசத்துக்கு சைக்கிள்ல போய் படம் எடுக்கலாமா?

தண்ணீர்மலை முருகன் கோவில் அடிவாரத்துக்கு வேண்டாம். லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து வரும் நகரத்தார் வெள்ளி ரதத்துக்கும், 2017-லிருந்து லெபோ குவீனிலிருந்து வரும் தங்க ரதத்துக்கும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். ரோடு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் வழுக்கும், சிரட்டைத் துண்டு டயரைக் கிழிக்கும், தெறிக்கிற தண்ணீரில் கேமராவும் பிசுபிசுக்கும். சைக்கிளைத் தூரத்தில், சாலை மூடாத பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு நடந்து போங்கள். மேலே 513 படியும் நடைதான்.

யாரை வேணும்னாலும் படம் எடுக்கலாமா? எங்கயாச்சும் தடை இருக்கா?

சிப்பாய் துப்பாக்கி நீட்டுகிற படம் போட்ட சிவப்புப் பலகை பார்த்திருப்பீர்கள், 'காவாசான் லாராங்கான்' (தடை செய்யப்பட்ட பகுதி) என்று எழுதியிருக்கும். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம் அது. அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மிதித்துப் போய்விடுங்கள். ஹெல்மெட்டில் ஓடும் கேமராவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஆட்கள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சைக்கிளில் வருகிறவனிடம் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை, கடைக்கார ஆன்ட்டியே 'எங்கிருந்து மிதிச்சு வர்றே?' என்று பேச்சைத் தொடங்குவார். கோவிலுக்குள் கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள்.

விழுந்துட்டேன். கேமராவுக்கு வெளிய ஒண்ணும் தெரியல. நல்லா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

முதலில் உங்களைப் பாருங்கள், தலையில் அடி என்றால் கேமரா பேச்சே வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள். பிறகு கேமராவை ஆன் செய்யாமலேயே லென்ஸ் வளையங்களை மெதுவாகத் திருப்புங்கள். கரகரத்தாலோ ஒரு இடத்தில் சிக்கினாலோ கட்டாயப்படுத்தாமல் அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். முன்னால் போட்ட ஃபில்டர் மட்டும் உடைந்திருந்தால் கண்ணாடித் தூள் லென்ஸில் விழாதபடி கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதித் தள்ளுங்கள், துணி போட்டுத் தேய்க்காதீர்கள்.

வளையங்கள் சரியாகத் திரும்பினால் ஒரு செங்கல் சுவரையோ ஓடு பதித்த சுவரையோ நேராக நின்று எடுங்கள். லென்ஸ் துளையை முழுதாகத் திறந்து ஒரு படம், துளையைச் சுருக்கி எஃப் 8-இல் ஒரு படம். முழுதாகத் திறந்த படத்தில் ஒரு மூலை மட்டும் மங்கி, எதிர் மூலை தெளிவாக இருந்தால் லென்ஸின் உள்ளே ஏதோ சாய்ந்திருக்கிறது. நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்தால் பிழைத்தது. அடுத்து தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோக்கஸ் செய்து பாருங்கள், கார்டையும் பேட்டரியையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். கேமராவை விற்கும் எண்ணம் இருந்தால், விழுந்ததை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். பினாங்கு சின்ன ஊர், எப்படியும் தெரிந்துவிடும்.